மொட்டைமாடியில் கோல்ஃப்: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். நான் தண்டையார்பேட்டை. கோல்ஃப் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. மாதம் இரண்டு தடவை மெட்ரோ பிடித்து நந்தனம் கோல்ஃப் மைதானம் போவதோடு சரி, மற்ற நாளெல்லாம் மொட்டைமாடிதான்.

தூர அடிகூடப் பரவாயில்லை. நாலு அடி தூரத்திலிருந்து பட்டிங் செய்வதுதான், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டி விடுவதுதான், மானத்தை வாங்குகிறது. பத்தில் ஆறு பந்து குழிக்கு வலப்பக்கம் ஓடுகிறது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். சாக்பீஸால் அதே அளவுக்கு வட்டம் போட்டு, பந்துக்கு ஒரு அடி முன்னால் இரண்டு கேரம் காய்களை இரண்டு அங்குல இடைவெளியில் வாசல் மாதிரி வைத்து, நடுவில் உருட்டிப் பார்க்கிறேன். எப்போதும் வலது காய்தான் அடி வாங்குகிறது. (சின்ன வயதிலிருந்து கேரம் ஆடிய கை என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை.)

மட்டையின் முகம் திறந்து (வலப்பக்கம் திரும்பி) போகிறதா, தோள் கோணலாக நிற்கிறதா? தனியாகப் பழகும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், சிமெண்ட் தரையில் பந்து நிற்காமல் ஓடுகிறது. தூரம் பழகப் பழைய ஜமக்காளம் போதுமா, இல்லை பட்டிங் மேட் வாங்கியே ஆக வேண்டுமா?

சிப்பிங் (பந்தைக் கொஞ்ச தூரத்துக்குத் தூக்கி அடிப்பது) பயிற்சியும் கேட்டிருப்பேன். கொடியில் காயும் புடவையில் பந்து பட்டதிலிருந்து அம்மா அதற்குத் தடை போட்டுவிட்டார். வடசென்னையில் யாராவது ஆடுகிறீர்களா? இருந்தால் சொல்லுங்கள், ஞாயிறு காலை சேர்ந்தே போகலாம்.