பூசினாற்போல இருக்கும் மணப்பெண்ணுக்கு எந்தச் சேலை எடுக்கலாம்?

மஞ்சள்குங்குமம் (சுங்கை சிப்புட், மலேசியா):
தங்கைக்குத் தையில் கல்யாணம். முகூர்த்தம் இங்கே தோட்டத்து மாரியம்மன் கோவிலில், ராத்திரி விருந்து டவுன் மண்டபத்தில். அவள் பூசினாற்போல இருப்பாள். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே, இடுப்புச் சுற்று 46 அங்குலம். அம்மா, "அரக்கு நிறத்தில் பெரிய பார்டர் போட்ட காஞ்சிபுரம் எடு, உடம்பு தெரியாது" என்கிறார். தங்கைக்கு இளநிறத்தில் மென்பட்டு வேண்டும், விருந்துக்கு கவுன் வேண்டும். கூறைச் சேலையை மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிறார்கள், அதில் எங்கள் பேச்சு எடுபடுமா தெரியவில்லை. இதற்கு நடுவில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "பத்து கிலோ குறைத்துவிட்டால் எதுவும் பொருந்தும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவள் அறைக்குள் போய் அழுகிறாள். கட்டியவர்கள், தைத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செம்பனைக்காட்டு அத்தை:
அம்மா சொல்வதுதான் சரி, மகளே. மென்பட்டு கடையில் பொம்மைக்குக் கட்டி வைத்திருக்கும்போது அழகாக இருக்கும். பருமனான உடம்பில் அது ஒட்டிக்கொள்ளும். வயிற்று மடிப்பு, இடுப்புச் சதை எல்லாம் அப்படியே தெரியும். அதிலும் நம் கோவில் மண்டபத்தில் ஏர்கான் கிடையாது. ஹோமப் புகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வியர்வையில் முதுகோடு ஒட்டிவிடும். காஞ்சிபுரம் விறைப்பாக நிற்கும், உடம்பை விட்டு அரை விரல் தள்ளியே நிற்கும். கோர்வை நெசவில் சேலை உடலுக்கும் பார்டருக்கும் தனித்தனி ஊடை நூல் ஓட்டி, தறியில் நெய்யும்போதே இரண்டையும் கோர்ப்பார்கள், சேலையே போனாலும் பார்டர் போகாது. என் கல்யாணச் சேலையை என் மகள் கட்டினாள். மென்பட்டை யார் மகளுக்கு எடுத்து வைக்கப்போகிறார்கள்?

கங்காணி பேரன்:
தையில் என்றால் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. நான் யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம் திடலைச் சுற்றி நடந்தால் உடம்புக்கும் நல்லது, சேலை கட்டவும் வசதி. எங்கள் வீட்டிலேயே ஒருத்தி அப்படித்தான் செய்தாள்.

ஊசிநூல்:
நான் இந்த ஊரில்தான் தைக்கிறேன். மணப்பெண் ரவிக்கைகள்தான் என் வேலையில் பாதி.

தம்பி, நடப்பது நல்லதுதான். அவள் நடக்கட்டும், அது அவள் இஷ்டம். ஆனால் குறையப்போகும் உடம்புக்கு இப்போதே துணி வெட்டாதீர்கள். குறைந்தபின் போடுவதற்கென்று இரண்டு அங்குலம் சிறிதாகத் தைக்கச் சொல்லி வருவார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கொக்கி மாட்டாது, பெண் பட்டினி கிடப்பாள், மணவறையில் மயக்கம் வரும். இன்றைய உடம்புக்கு அளவெடுத்து, பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை அங்குலம் விட்டுத் தைத்தால் பிடிக்கவும் முடியும், விடவும் முடியும்.

அத்தை சொன்னதில் ஒட்டும் விஷயம் உண்மை. கிரேப், ஜார்ஜெட் இரண்டும் வயிற்றில் ஒட்டும். மென்பட்டு எல்லாமே ஒட்டும் என்றில்லை, அதிலும் கனம் பார்த்து எடுக்கலாம். ஆனால் புதுக் காஞ்சிபுரத்தை இந்த உயரத்துக்குக் கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சேலை அகலம் ஏறக்குறைய 47, 48 அங்குலம். ஐந்தடிப் பெண்ணுக்கு அதில் நிறைய மிச்சம். அந்த மிச்சம் முழுக்க இடுப்பில் சொருகப்படுகிறது. விறைத்த துணி சொருகலில் படியாது, உருளையாகத் திரளும். இடுப்பு இல்லாத இடத்தில் இடுப்பு வந்துவிடும்.

அடுத்து நீளம். இதை யாரும் கணக்குப் போடுவதில்லை. ஐந்தரை மீட்டர் சேலை என்றால் சுமார் 216 அங்குலம். 46 அங்குல இடுப்பை இரண்டு சுற்று சுற்ற 92 போய்விடும். முந்தானை தோளில் ஏறி முழங்காலுக்குப் பின்னால் தொங்க ஏறக்குறைய 88 வேண்டும். மீதி 36. அதில் நாலு கொசுவம்தான் வரும். 36 அங்குல இடுப்புக்காரிக்கு அதே சேலையில் ஆறு வரும். கொசுவம் குறைந்தால் முன்பக்கம் தட்டையாகி, துணி தொடைக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு நிற்கும். பருமனாகக் காட்டுவது அந்த இழுப்புதான், நிறம் அல்ல. அதனால் ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்து உள்முனையில் இருந்தால் அதை வெட்டாதீர்கள். 80 சென்டிமீட்டர் அப்படியே இருக்கட்டும், இன்னும் மூன்று கொசுவம் கிடைக்கும். ரவிக்கைக்குப் பொருத்தமான பட்டைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

செம்பனைக்காட்டு அத்தை:
கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் கல்யாணச் சேலையில் ரவிக்கைத் துணியை வெட்டாமல் வேறு துணியில் ரவிக்கையா? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? "சேலையோடு வந்த ரவிக்கை எங்கே" என்று அங்கேயே கேட்பார்கள்.

வெள்ளைப்பட்டு:
ஆன்ட்டி, கேட்டால் கேட்கட்டும். ரவிக்கையைப் பார்க்கவா கல்யாணத்துக்கு வருகிறார்கள்? மாலை விழுந்தபிறகு கழுத்திலிருந்து வயிறு வரை சம்பங்கியும் ரோஜாவும்தான் தெரியும். எனக்கு தேவாலயக் கல்யாணம், நானும் பெரிய உடம்புதான், வெள்ளைப் பட்டுச் சேலை கட்டினேன். வெள்ளை குண்டாகக் காட்டும் என்று பயமுறுத்தினார்கள். பளபளப்பான டிஷ்யூவை விட்டுவிட்டு மங்கலான தந்த நிறப் பட்டு எடுத்தோம். பளபளப்புதான் கேமரா வெளிச்சத்தில் ஒவ்வொரு மேட்டையும் தூக்கிக் காட்டும். மங்கலான துணியில் வெள்ளையும் அடக்கமாகவே இருக்கும். சேலைக்குள் நாடாப் பாவாடை போடாமல், உடம்போடு ஒட்டி முழங்காலுக்குக் கீழே விரியும் பின்னல் துணிப் பாவாடை போட்டேன். இடுப்பைச் சுற்றி இருந்த சுருக்குத் துணியும் முடிச்சும் போனதுமே வித்தியாசம் தெரிந்தது. இப்போது ஈப்போ லிட்டில் இந்தியாவிலேயே கிடைக்கிறது.

ஈப்போ மருமகள்:
கவுனைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவள் ஆசைப்பட்டால் போடட்டும், ஆனால் இடுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரியும் ஏ லைன் வடிவத்தையே பாருங்கள். அந்தப் பெயரை 1955-இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தன் உடைத் தொகுப்புக்கு வைத்தார், இன்றுவரை பெரிய இடுப்புக்காரிகளுக்கு அதைவிடப் பொருந்திய வடிவம் வரவில்லை என்பது என் எண்ணம். முழங்கால் வரை இறுக்கி மீன்வால் போல விரிவது வேண்டாம், அதில் மேடைப் படி ஏறவே முடியாது. வாடகைக் கடைகளில் பெரிய அளவுகள் குறைவு. முதுகில் கயிறு கோத்துக் கட்டும் மாதிரியைக் கேளுங்கள், இரண்டு மூன்று அங்குலம் கூட்டிக் குறைக்கலாம். தோள்பட்டி இல்லாததை எடுத்தால் உள்ளே துணியை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகள் இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க இழுத்து விட்டுக்கொண்டே இருப்பாள்.

செம்பனைக்காட்டு அத்தை:
விருந்துக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் தோட்டத்து ஜனங்கள். தாத்தா பாட்டி காலில் விழ வேண்டிய பெண் தோள் தெரியும் கவுனில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அழகு மட்டுமா விஷயம்? அவள் அன்று யார் முன்னால் நிற்கிறாள் என்பதும் விஷயம்.

ஈப்போ மருமகள்:
அதை நான் மறுக்கவில்லை ஆன்ட்டி. கை வைத்து, கழுத்தை மூடி லேஸ் போட்ட கவுன்களும் இருக்கின்றன. முழங்கைக்குச் சற்றுக் கீழே முடியும் லேஸ் கை பெரிய கைகளுக்கு மிகவும் நன்றாக இருக்கும்.

ஊசிநூல்:
கை விஷயத்தில் நானும் அதேதான். ரவிக்கையில் கை எங்கே முடிகிறதோ அங்கேதான் பார்ப்பவர் கண் நிற்கும். புஜத்தின் பெருத்த இடத்தில் முடித்தால் அந்த இடமே அகலமாகத் தெரியும். முழங்கை வரை இறக்கிவிடுங்கள்.

ரவிக்கையில் ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் மணியும் கல்லும் வைத்துப் போடும் பூவேலை, போடப்போகிறீர்களா? அளவெடுப்பு முடிந்து, சாதாரணத் துணியில் ஒரு மாதிரி ரவிக்கை தைத்துப் போட்டுப் பார்த்தபிறகுதான் துணியைச் சட்டத்தில் ஏற்ற வேண்டும். மணியும் கல்லும் கைக்குழி வரை ஏறிவிட்டால் அப்புறம் அங்கே தையலைப் பிரிக்க முடியாது. நேற்றுகூட ஒரு ரவிக்கை வந்தது. கை முழுக்க ஜர்தோசி என்கிற ஜரிகைப் பூவேலை, கைக்குழி முக்கால் அங்குலம் சிறிது. பெண் கையைத் தூக்கினால் சேர்ந்து முழு ரவிக்கையும் மேலே ஏறுகிறது. அக்குளில் சதுரத் துண்டு ஒன்று வைத்துத்தான் கொடுத்தேன். மாலை மாற்ற இரண்டு கையையும் தூக்க வேண்டுமே, அதை யாரும் யோசிக்கவில்லை.

மார்பு பெரிதாக இருந்தால் பிரின்சஸ் கட் தைக்கச் சொல்லுங்கள், தோளிலிருந்து இடுப்பு வரை தையல் நேராக இறங்கும். வேலை மார்பின் மேல் வேண்டாம், முதுகிலும் கை ஓரத்திலும் போதும்.

செம்பனைக்காட்டு அத்தை:
முழங்கை வரை கை என்பது எங்கள் காலத்து வழக்கம்தான், அதில் சண்டை இல்லை. ஒட்டியாணம்?

ஊசிநூல்:
நிற்கும்போது அழகு. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மேலேறி வயிற்றை இரண்டாகப் பிரிக்கும். படம் எடுக்கும்போது மட்டும் மாட்டட்டும்.

மஞ்சள்குங்குமம்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கொசுவக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். உடனே அளவு நாடாவை எடுத்துத் தன் பழைய சேலைகளையே அளக்கத் தொடங்கிவிட்டார். அம்மாவும் தங்கையும் ஒத்துக்கொண்டது இதுதான்: காஞ்சிபுரமே எடுப்போம், ஆனால் ஜரிகை குறைந்த, நான்கு அங்குல பார்டர் உள்ள சேலை. நிறம் தங்கை தேர்ந்தெடுக்கிறாள், மாம்பழ மஞ்சள் கேட்கிறாள். மாப்பிள்ளையின் அக்காவிடமும் பேசினேன், கூறைச் சேலை எடுக்கத் தங்கையையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். கவுன் இன்னும் முடிவாகவில்லை.

செம்பனைக்காட்டு அத்தை:
நான்கு அங்குலமா! முகூர்த்தப் படத்தில் அது தெரியவே தெரியாது, மகளே. ஆறு அங்குலமாவது போடச் சொல்லு.

வெள்ளைப்பட்டு:
உயரம் ஐந்தடி ஆன்ட்டி. கீழே பார்டர் பெரிதாக ஆக ஆக, கால் குட்டையாகத் தெரியும். அதுவும் பார்டர் வேறு நிறமாக இருந்தால் இன்னும் மோசம். சேலை நிறத்திலேயே பார்டர் இருந்தால் ஆறும் தாங்கும் என்று வேண்டுமானால் சொல்வேன்.

செம்பனைக்காட்டு அத்தை:
அப்படியானால் மஞ்சளிலேயே ஆறு அங்குலம். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

கங்காணி பேரன்:
அக்கா, நடக்கச் சொன்னது தவறாகப் பட்டிருந்தால் தங்கையிடம் நான் அப்படிச் சொல்ல வரவில்லை என்று சொல்லுங்கள். உடம்பு நலத்துக்காகச் சொன்னேன், அதில் மாறவில்லை. சேலைக்காக நடக்க வேண்டாம்.

ஊசிநூல்:
மஞ்சள்குங்குமம், அளவெடுக்க வரும்போது கல்யாணத்தன்று போடப்போகும் உள்ளாடையையும் செருப்பையும் கையோடு கொண்டு வாருங்கள். உள்ளாடை மாறினால் மார்பு அளவு ஒரு அங்குலம் மாறும், செருப்பு மாறினால் பாவாடை நீளம் மாறும். தீபாவளி மாதம் பிறப்பதற்கு முன்னால் வந்துவிடுங்கள், அந்த மாதம் வேறு துணி எதுவும் கையில் எடுக்க முடியாது.