புல்லி வார்ப்பில் மேல்பக்கம் மட்டும் ஊசித் துளை, மணல் எங்கே கிடைக்கும்?

வணக்கம். 4 அங்குல அலுமினியப் புல்லி. மேல்பெட்டி (மணல் அச்சோட மேல் பாதி) பக்கம் வார்ப்போட தோலுக்கு அடியிலேயே துளை, அடிப்பக்கம் சுத்தம்.

அச்சு மணல் கலவை: சலித்த கெடிலம் ஆற்று மணல் 10 கிலோ, பென்டோனைட் (மணலைப் பிடிக்க வைக்கிற களிமண்) 1 கிலோ, தண்ணீர் 400 மில்லி, ஒரு ராத்திரி மூடி வச்சது. கையில பிடிச்சு உடைச்சா விளிம்பு கூர்மையா நிக்குது, அதனால ஈரம் மிகையில்லை. ஊத்துறது 720 டிகிரியில. 3 செ.மீ.க்கு ஒரு காற்றுத் துளை, 2 மி.மீ. கம்பியால குத்தினது.

உருகின அலுமினியத்துல கரைஞ்ச ஹைட்ரஜன் வாயுதான் காரணம்னா அறுத்த இடமெல்லாம் துளை தெரியணும், நடுவுல ஒண்ணுமில்லை. மணல்ல வண்டல் தூசி அதிகமாகி ஆவி போக வழியில்லாம மேலேயே மாட்டுதுன்னு சந்தேகம். ரொம்ப இறுக்கி இடிச்சாலும் இதே கதைதான்.

தேவனாம்பட்டினம் கடல் மணலைச் சொல்லாதீங்க, உப்பு பென்டோனைட்டோட பிடிப்பைக் கெடுத்துடும்.

கடலூர், புதுச்சேரி பக்கம் கழுவின 100 மெஷ் (சல்லடைக் கண் அளவு) சிலிக்கா மணல் ஒரு மூட்டை மட்டும் சில்லறையா யார் தருவாங்க? இருக்கிற மணலைக் கழுவியே சரிபண்ண முடியும்னா எத்தனை தடவை தண்ணி மாத்தணும்?