பால் நின்னுபோன தாயோட பன்னிக்குட்டிங்களுக்கு என்ன குடுக்கலாம்?

அண்ணன்களே, நமக்கு குடியாத்தம் பக்கம். வெள்ளை யார்க்ஷயர் தாய்க்கு மடிவீக்கம் வந்து பால் சுத்தமா நின்னுபோச்சு, குட்டிங்களுக்கு மூணு வாரம்கூட முடியல, அதுக்குள்ள பிரிக்கிற மாதிரி ஆயிடுச்சு. அயர்ன் ஊசி அப்பவே போட்டாச்சு. பசும்பால வெதுவெதுப்பா தட்டுல கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி ஊத்துறேன், ஆனா ரெண்டு குட்டி வெள்ளையா கழியுது, ஓஆர்எஸ் கரைச்சு குடுக்கறேன், டாக்டர் நாளைக்குத்தான் வராரு. பகல்ல நம்ம வேலூர் வெயிலே போதும், விடியக்காலைலதான் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிப் படுக்குதுங்க, 30 டிகிரியாவது வேணுமேன்னு பல்பு கட்டி சாக்கு விரிச்சிருக்கேன், கரண்ட் இருந்தா சரி. க்ரீப் தீவனம் (பால்குடி குட்டிங்களுக்குப் போடுற தீவனம்) கேட்டா கடைக்காரர் கோழித்தீவனத்த நீட்றாரு! மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, பால் பவுடர் வாங்கி வீட்லயே அரைச்சா எந்த அளவுல போடணும்? சோயா கூடினா கழிச்சலும் கூடுமே, அதான் பயம். ஓட்டல் மிச்சம் போடுன்னு மட்டும் சொல்லாதீங்க, இவ்ளோ சின்னதுக்கு ஆகாது.