தெருமுனையில் மாதக்கணக்கில் கிடக்கும் கார்: போலீஸ் எடுக்கலாமா, முடியாதா?

வேப்பமரத்தெரு:
எங்கள் தெரு திருப்பத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் மாதக்கணக்கில் கிடக்கிறது. நாலு டயரிலும் காற்று இல்லை, பின்கண்ணாடி உடைந்து உள்ளே மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு மொய்க்கிறது. யார் வண்டி என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. குப்பை வண்டி உள்ளே வருவதை நிறுத்திவிட்டது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி என்று 108 வந்தபோது, ஆம்புலன்ஸ் திரும்ப முடியாமல் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஸ்டேஷனில் கேட்டால் நகராட்சிக்குப் போங்கள் என்கிறார்கள், நகராட்சியில் கேட்டால் வண்டி என்றால் போலீஸ்தான் என்கிறார்கள். யாருக்குத்தான் அதிகாரம்? நாங்களே ஆள் சேர்த்து ஓரமாகத் தள்ளிவிடலாமா?

கோர்ட்பக்கம்:
போலீசுக்கு அதிகாரம் இருக்கிறது, அதில் குழப்பமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127-ஐப் படித்துப் பாருங்கள். பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று விடப்பட்ட வண்டியையும், நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துப் போகவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ, அந்த எல்லைக்கு உட்பட்ட, சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி உத்தரவிடலாம். உங்கள் விஷயத்துக்கு இன்னும் பொருத்தமானது அதன் இரண்டாம் உட்பிரிவு: நொறுங்கிய, எரிந்த, பாதி கழற்றப்பட்ட அல்லது கேட்பாரற்ற வண்டி போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனடியாகவே அகற்றச் சொல்லலாம், அங்கே 10 மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. இழுக்கும் செலவு உரிமையாளர் தலையில்தான். பிரிவு 201-ன்படி 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மனுவாக எழுதி, வண்டி எண், இடம், போட்டோ, ஆம்புலன்ஸ் வர முடியாமல் போனது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து, புகார் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்குங்கள். எண்ணை வைத்து உரிமையாளர் யார், திருட்டு வண்டியா என்று அவர்களால் பார்க்க முடியும். அதனால்தான் நீங்கள் தொடவே கூடாது என்கிறேன். நாளைக்கு அது ஏதாவது வழக்கில் சிக்கிய வண்டி என்று தெரிந்தால் தள்ளிய பசங்களைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

அப்படியும் அசையவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் போங்கள். பொது வழியில் இருக்கும் தடையை அகற்றச் சொல்லி நிபந்தனை உத்தரவு போட குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் பிரிவு 152 (பழைய சிஆர்பிசி 133) அவருக்கு அதிகாரம் தருகிறது.

நித்யா:
எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலும் ஒரு கார் இப்படித்தான் கிடக்கிறது, காலி செய்துவிட்டுப் போனவர் விட்டுப்போனது. அதையும் 127-ல் எடுக்கச் சொல்லலாமா?

கோர்ட்பக்கம்:
கஷ்டம். அந்தப் பிரிவு பொது இடத்துக்குத்தான், அதாவது பொதுமக்களுக்குப் போகவர உரிமை உள்ள இடம். கேட் போட்ட வளாகம் என்றால் சங்கம் மூலமாக உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்புவதிலிருந்து ஆரம்பியுங்கள். திருட்டு வண்டி என்று சந்தேகம் இருந்தால் மட்டும் கதை வேறு, அப்போது போலீஸ் கைப்பற்றலாம்.

பழையலாரி:
நான் லாரி ஓட்டுகிறவன், எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸில் உடைந்து நடு ரோட்டில் நிற்கிற வண்டியையும் வேண்டுமென்றே போட்டுவிட்டுப் போன வண்டியையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். 2019 திருத்தத்தில், எதிர்பாராமல் பழுதாகி, அகற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அந்த 201 அபராதம் பொருந்தாது என்று சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அதற்காக இரவில் இண்டிகேட்டரும் எச்சரிக்கை முக்கோணமும் இல்லாமல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற டிரைவரை என்னால் மன்னிக்க முடியாது, பின்னால் வருகிற பைக்காரன் உயிர் அது. தேசிய நெடுஞ்சாலையில் இப்படி எதையாவது பார்த்தால் 1033-க்கு அடியுங்கள்.

ஆர்கே:
போலீஸ் ஏன் தயங்குகிறது என்றால், எடுத்த வண்டியை வைக்க இடம் இல்லை. ஸ்டேஷன் வாசல்களில் துருப்பிடித்துக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே. கைப்பற்றிய வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட காலம் போட்டு வைப்பதில் பயனில்லை, பிணையும் உத்தரவாதமும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள், யாரும் கேட்காவிட்டால் ஏலம் விடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. அது ஒழுங்காக நடந்தால் தெருவில் கிடப்பதை எடுக்கவும் இடம் இருக்கும். இடமில்லை என்பது அவர்கள் பிரச்சினை, அதற்காக ஆம்புலன்ஸ் தெருமுனையில் நிற்கக் கூடாது. சென்னைக்காரர்கள் யாராவது படித்தால், மாநகராட்சியின் 1913-லும் புகார் பதியலாம்.

வேப்பமரத்தெரு:
எல்லோருக்கும் நன்றி. வண்டியைத் தொடவில்லை. தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி 127(2) என்று குறிப்பிட்டே மனு எழுதுகிறோம், திங்கட்கிழமை கொடுத்துவிட்டு ரசீது எண்ணோடு இங்கே எழுதுகிறேன். கோர்ட்பக்கம் சார், நகல் நகராட்சி ஆணையருக்கும் அனுப்பலாமா?

கோர்ட்பக்கம்:
கண்டிப்பாக. கொசுவும் குப்பையும் அவர்கள் பொறுப்பு, அதைத் தனிப் பத்தியாக எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.