பிள்ளையைச் சாரணர் முகாமுக்கு அனுப்பும் முன்: இராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோரின் அனுபவங்கள்

மண்டபம் அம்மா:

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன் சாரணர் படையில் சேர்ந்திருக்கிறான். சீருடை, கழுத்துத் துணி எல்லாம் வாங்கியாகிவிட்டது. இப்போது "இரண்டு இரவுகள், கடற்கரை முகாம்" என்று ஒரு தாள் வந்திருக்கிறது. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. யார் கூடப் போகிறார்கள், எங்கே படுப்பார்கள், என்ன சாப்பாடு என்று ஒரு வரி கிடையாது. இவனுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். "கடலிலேயே வளர்ந்த பயலுக்குக் கடற்கரையைக் காட்டக் காசு கேட்கிறார்களா?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளை அனுப்பியவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

தொண்டிக்காரர்:

சகோதரி, எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சாரணர் இயக்கமும் என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படையும் ஒன்றுதான். என் மாமனார் பேரனைப் பார்த்து "துப்பாக்கி எப்போது கொடுப்பார்கள்?" என்று கேட்டவர். என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. சாரணர் இயக்கம் அப்படியல்ல. தொடங்கிய பேடன் பவல் ராணுவ அதிகாரிதான் என்றாலும், 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் அவர் நடத்திய முதல் முகாமில் இருந்தது கூடாரமும் சமையலும் காடு சுற்றலும்தான். நம் நாட்டில் தனித்தனியே இயங்கிய அமைப்புகள் இணைந்து 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் சாரணியர் இயக்கம் ஆனது. பத்து வயதிலிருந்து சாரணர். அதற்குச் சிறியவர்கள் குருளையர்.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊருக்கு ஒருவர் வந்தார். சட்டைப் பையில் விசில், தோளில் நட்சத்திரம், கையில் ரசீதுப் புத்தகம். ஆறே மாதத்தில் ராஜ்ய புரஸ்கார் என்கிற சாரணர் விருதை வாங்கித் தருவதாகச் சொல்லி வீடு வீடாகப் பணம் கேட்டார். ராஜ்ய புரஸ்கார் ஆளுநர் பெயரில் தரப்படும் விருது. பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்று படிப்படியாக ஏறித்தான் அங்கே போக முடியும். ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அதற்கும் மேலே ராஷ்டிரபதி விருது. இதைச் சொல்லி, "உங்கள் படை மாவட்டச் சங்கத்தில் பதிவாகியிருக்கிறதா, எண் என்ன?" என்று கேட்டேன். "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் மறுபடி வரவில்லை.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் என்.சி.சி. பெயரில் போலி முகாம் நடத்தி மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அது பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே நடந்த முகாம். அதனால்தான் பதிவைக் கேளுங்கள் என்கிறேன்.

ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர், இராமநாதபுரம்:

மண்டபம் அம்மாவின் கணவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

பள்ளித் தாழ்வாரத்தில் முடிச்சுப் படத்தை மாட்டி வைத்து, போலைன் என்கிற இறுகாத கண்ணி முடிச்சைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கிணற்றிலோ கடலிலோ விழுந்தவரின் அக்குளுக்குக் கீழே போட்டு இழுக்கும் முடிச்சு அது. எவ்வளவு இழுத்தாலும் கண்ணி சுருங்காது. பாம்பன் பக்கத்துப் பையன் ஒருவன், மீன்பாடு உள்ள நாளில் பள்ளிக்கே வராதவன், பொறுமையில்லாமல் கயிற்றை வாங்கினான். முனையை இடுப்பைச் சுற்றி விட்டு, மணிக்கட்டை ஒரு திருப்பு, விரலால் ஒரு தள்ளு. ஒற்றைக் கையில் முடிச்சு விழுந்துவிட்டது. "வள்ளத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதானே சார் நிற்க வேண்டும், இன்னொரு கைதான் மிச்சம்" என்றான். அன்று முதல் முடிச்சுப் பாடம் அவன் பொறுப்பு. டவுனில் பிறந்த டாக்டர் மகனும் கடைக்காரர் மகளும் அவன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து கற்றார்கள். கடைசி பெஞ்சுப் பையன் அணித் தலைவன் ஆனான்.

அதே பையனுக்கு முகாமில் கஞ்சி காய்ச்சத் தெரியவில்லை. பாத்திரம் கழுவச் சொன்னால், "அது அக்கா வேலை" என்றான். எட்டுப் பேர் அணியில் முறைவைத்துச் சமைக்க வேண்டும், முறை வந்தால் தலைவனும் கரி தேய்க்க வேண்டும் என்பது விதி. தேய்த்தான். வரைபடம் பார்க்கவும், எலும்பு முறிந்த கைக்குக் கழுத்துத் துணியால் தூளி கட்டவும், திருக்கை முள் குத்திய காலைப் பொறுக்கிற அளவு சுடுநீரில் வைக்கவும் அங்கேதான் கற்றான். கடல் தெரிந்த பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் சொல்வது இதைத்தான்.

இடம் பற்றி ஒரு சொல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை என்கிற வடகிழக்குக் காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழ். முகாம் எந்தக் கரையில், எந்த மாதம் என்று கேட்டாலே, நடத்துகிறவருக்கு இந்த மண் தெரியுமா தெரியாதா என்று புரிந்துவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. தீவில் தங்கல், தனுஷ்கோடி மணலில் இரவு என்றெல்லாம் ஆசை காட்டுகிறவரிடம் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

கீழக்கரை உம்மா:

என் மகள் சாரணியர் படையில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் பிரச்சினை கடலோ வெயிலோ இல்லை, பிரார்த்தனை. உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை என்று வருகிறது, முகாமில் சர்வ சமயப் பிரார்த்தனை உண்டு என்று கேள்விப்பட்டு என் மாமியார் ஒரே பிடியாக நின்றார். நான் படையை நடத்தும் ஆசிரியையை வீட்டுக்கே அழைத்தேன். தேநீர் குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: ஒவ்வொரு மதத்துப் பிள்ளையும் தன் வேதத்திலிருந்து தானே படிப்பாள், யாரும் யாருக்காகவும் படிக்க வேண்டியதில்லை, உறுதிமொழியில் கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தர்மம் என்று சொல்லவும் விதியிலேயே இடம் இருக்கிறது. தொழுகை நேரத்தை முகாம் நிரலில் பேனாவால் குறித்தும் கொடுத்தார். மாமியார் அதற்குப் பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: "கோழி ஹலாலா?" அந்த முகாமில் சைவம்தான் என்றதும் அவருக்கு ஏமாற்றம்.

பெண்பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு: கழிப்பறை எங்கே, இரவில் அங்கே போக விளக்கு உண்டா, கூட இருப்பவர் பெண்ணா, மாதவிடாய் வந்தால் யாரிடம் சொல்வது. இவ்வளவையும் வெட்கப்படாமல் கேட்டேன். அந்த ஆசிரியை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

உச்சிப்புளி அப்பா:

எல்லோருக்கும் இப்படி அமையாது. என் மகனை ஒரு கோடை முகாமுக்கு அனுப்பினேன். பள்ளிப் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஏப்ரல் கடைசி, மணல் கொதிக்கிற நேரம். நான் மதியம் போய்ப் பார்த்தபோது பிள்ளைகள் ஒரு சீமைக் கருவேல மரத்தின் சல்லடை நிழலில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேன்கள் காலி. லாரி வரும் என்றார்கள். நம் மாவட்டத்தில் "லாரி வரும்" என்பதன் பொருள் நம் எல்லோருக்கும் தெரியும். அதைவிட, சில பையன்கள் மார்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். கரையில் பார்த்துக்கொள்ள ஒருவர்கூட இல்லை, கயிறு இல்லை, மிதவை இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டேன். "பெற்றோர் முகாமுக்கு வரக் கூடாது என்று விதி" என்றார். எந்த விதி, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குக் குரலை உயர்த்தினார். மகனை அப்போதே அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவனுக்கு என் மேல் இன்னும் வருத்தம், நண்பர்கள் முன்னால் அவமானமாகிவிட்டதாம். இருக்கட்டும்.

சாயல்குடி:

எல்லோரும் கேள்வி கேட்கச் சொல்கிறீர்கள். கொஞ்சம் அடுத்த பக்கமும் பாருங்கள். என் மகன் போன முகாமுக்கு ஒரு அப்பா தினமும் டிபன் கேரியரோடு வந்தார். ஒரு அம்மா கொசுவலையும் தலையணையும் கொண்டுவந்து தன் பிள்ளைக்கு மட்டும் விரித்துக் கொடுத்தார். அந்தப் பையனை மற்ற பிள்ளைகள் மூன்று நாளும் "மாப்பிள்ளை" என்றே கூப்பிட்டார்கள். ஆசிரியர்கள் சம்பளத்துக்கு மேல் ஒரு பைசா வாங்காமல் விடுமுறையைத் தொலைத்துவிட்டு இதைச் செய்கிறார்கள். நம்பினால் அனுப்புங்கள், இல்லையென்றால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் உப்பு வரைக்கும் விசாரிப்பது சரியில்லை.

முன்னாள் சாரணி, இப்போது கல்லூரியில்:

சாயல்குடி அண்ணா, தலையணை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நம்பிக்கை விஷயத்தில் நான் உடன்படவில்லை. அமெரிக்காவில் நூறாண்டு நம்பிக்கையோடு இருந்த சாரணர் அமைப்பு 2020இல் திவால் மனு கொடுத்தது. தலைவர்களால் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக 82,000க்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு வந்தார்கள். அவர்களுடைய பெற்றோரும் நம்பித்தான் அனுப்பினார்கள்.

எங்கள் ஆசிரியை கடைப்பிடித்தது இதுதான்: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையிலோ கூடாரத்திலோ தனியாக இருப்பதில்லை; இரண்டு பெரியவர்களாவது எப்போதும் இருப்பார்கள்; பெரியவர்கள் பிள்ளைகளின் கூடாரத்தில் படுப்பதில்லை. தனியாகக் கண்டிக்க வேண்டியிருந்தால்கூட, மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்திப் பேசுவார். 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த வைரவிழா பெருந்திரளணிக்கு, அதாவது சாரணர்களின் பெரிய கூட்டு முகாமுக்கு, நாங்கள் போனபோதும் அப்படியே. எத்தனையோ மாநிலத்துப் பிள்ளைகள், எங்கே திரும்பினாலும் கூடாரம். கழிப்பறைக்குக்கூட இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். எரிச்சலாகத்தான் இருந்தது. மொழி தெரியாத ஒரு வடநாட்டுப் பெண்ணிடம் என் கழுத்துத் துணியைக் கொடுத்து அவளுடையதை வாங்கிக்கொண்டேன். அம்மா இன்னும் அதைச் சமையலறையில் பாத்திரம் பிடிக்கப் பயன்படுத்துகிறார், சொன்னால் கேட்பதில்லை.

பெற்றோர் பிள்ளையிடமும் பேச வேண்டும். "சார் சொன்னால் கேள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், தப்பாகச் சொன்னாலும் கேட்கிற பிள்ளையாகத்தான் போவான். ரகசியமாக வைத்துக்கொள் என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் வீட்டில் சொல்லலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடமாக்குங்கள். ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் மூடி மறைப்பதே 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் குற்றம்; "பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்கிற பேச்சுக்கு இடமே இல்லை.

சாயல்குடி:

ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. இன்னொன்று, ஆசிரியர் ஐயாவுக்கு: இதில் இருந்தால் ரயில்வேயில் வேலை உண்டு என்று சொல்கிறார்களே, உண்மையா?

ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர், இராமநாதபுரம்:

ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்டு. இடங்கள் மிகக் குறைவு. ராஷ்டிரபதி விருது அளவுக்குத் தகுதியும், பல ஆண்டு தொடர்ந்த உறுப்பினர் பதிவும் கேட்பார்கள். அதை நம்பிப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம், கிடைத்தால் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம்.

மண்டபம் அம்மா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் பின்பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள்: பிள்ளைக்கு ஒவ்வாத மருந்து, இழுப்பு, வலிப்பு ஏதாவது இருந்தால் அது, நீச்சல் தெரியுமா, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள். அப்பா கடலில் இருந்தால் அவருடைய எண் கிடைக்காது என்பதால் இரண்டாவது எண் கரையில் இருப்பவருடையதாக இருக்கட்டும். அந்தத் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு ஆசிரியர் உங்களிடம் திரும்ப ஏதாவது கேட்கிறாரா என்று கவனியுங்கள். நல்ல ஆசிரியர் கேட்பார்.