'நிக்நேம்' வந்த வழிக்கு ஒரு கலைச்சொல்: மாறுபிரிப்பு

> அடுத்தடுத்த சொற்களின் எல்லையை இடம் மாற்றிப் பிரிப்பதை ஆங்கிலத்தில் 'ரீபிராக்கெட்டிங்' என்கிறார்கள். அதற்குப் 'பிழைப்பிரிப்பு' பொருந்துமா?

வணக்கம் ஐயா. பொருள் புரிகிறது, ஆனால் 'பிழை' வேண்டாமே. பட்டப்பெயரைக் குறிக்கும் ஆங்கில 'நிக்நேம்' இப்படிப் பிறந்த சொல்தான். அதை இன்று யார் பிழை என்பார்கள்?

அதன் பழைய வடிவம் 'ஈக்நேம்'. 'ஈக்' என்றால் கூடுதல். பெருக்குதலைக் குறிக்கும் லத்தீன் 'ஔகெரே'யும் அதே வேர்தான். விலை ஏறிக்கொண்டே போகும் ஏலத்துக்கு 'ஆக்‌ஷன்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. தனிச்சொல்லாக 'ஈக்' வழக்கொழிந்துவிட்டாலும், பற்றாததை ஒப்பேற்றுவதைச் சொல்லும் 'ஈக் அவுட்' இன்னும் புழங்குகிறது. ஆக, இயற்பெயரோடு கூடுதலாகச் சேர்ந்த பெயர் ஈக்நேம்.

'ஒரு' என்பதற்கு ஆங்கிலத்தில் உயிரொலிக்கு முன் 'அன்', மெய்யொலிக்கு முன் 'அ' வரும். 'அன் ஈக்நேம்' என்று சேர்த்துச் சொன்னால் ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் காதுக்குத் தெரியாது. கேட்டவர்கள் 'அ நீக்நேம்' என்று பிரித்துக்கொண்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் எழுத்திலும் அந்த 'ந்' ஏறிவிட்டது. சுவீடிஷ் மொழியில் 'அன்' தொல்லை இல்லை. அங்கே இன்றும் 'ஓக்நாம்ன்'தான்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. சமைக்கும்போது உடைமேல் கட்டும் துணியான 'அ நேப்ரன்' என்பது 'அன் ஏப்ரன்' ஆனது. அதன் உறவுச்சொல் 'நாப்கின்' மட்டும் 'ந்'-ஐ விடவில்லை.

டென்மார்க் மொழியியலாளர் யெஸ்பர்சன் 1914இல் இதற்கு 'மெட்டனாலிசிஸ்' என்று பெயரிட்டார். அதை ஒட்டி 'மறுபகுப்பு' என்று சிலர் எழுதலாம். ஆனால் 'பகுப்பு' என்றாலே நமக்குப் பகுபத உறுப்புகள்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது 'பிரித்தெழுதுக' விவகாரம். ஒரே தொடரை வேறுவிதமாகப் பிரித்து வேறு பொருள் கொள்வதைப் பிரிமொழிச் சிலேடை என்று சொல்லும் அணியிலக்கணமும் 'பிரி'யைத்தான் கையாள்கிறது. அதனால் 'மாறுபிரிப்பு' என்பது என் முன்மொழிவு. மாறுவேடம், மாறுகண் போல, வேறாக அமைந்தது என்று மட்டும் சொல்லும், குற்றம் சாட்டாது. 'மாறிப் பிரிந்த சொல்' என்று வாக்கியத்திலும் எளிதாக உட்காரும்.

> மாறுபிரிப்பு எனக்குச் சம்மதம். எடுத்துக்காட்டில் ஆரஞ்சையும் சேர்க்கலாமா? 'அ நாரஞ்ச்' என்பதுதான் 'அன் ஆரஞ்ச்' ஆனது என்கிறார்களே?

அதை மட்டும் விட்டுவிடுவோம் ஐயா. நம் நாரத்தையின் உறவுக்காரச் சொல் என்பதால் எனக்கும் ஆசைதான். ஸ்பானிய 'நரான்ஹா'வில் 'ந்' இன்றும் இருக்கிறது. ஆனால் ஆங்கிலம் கடன் வாங்கிய பழைய பிரெஞ்சு வடிவத்திலேயே அது உதிர்ந்துவிட்டது. ஆங்கில 'அன்'னுக்கு அதில் பங்கில்லை. ஏப்ரனே போதும்.