அடியுரம், மேலுரம், 17:17:17... யாராவது புரியற மாதிரி சொல்லுங்களேன்

புதுநாத்து:
வணக்கம் மக்களே, இப்பதான் விவசாயம் பக்கம் எட்டிப் பாக்கறேன். எத படிச்சாலும் அடியுரம் போடு, மேலுரத்த பிரிச்சு போடு, பசுந்தாள மடக்கி உழுன்னு அடுக்கிட்டே போறாங்க, ஏன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. மூட்டைல இருக்கற 17:17:17 என்ன கணக்கு? ஊடுபயிரும் கலப்புப்பயிரும் ஒண்ணுதானா? கூகுள் பண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

வரப்புக்காரன்:
நம்பர்ல இருந்து வரேன் ப்ரோ. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்), இந்த வரிசைல நூத்துக்கு எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க. டிஏபின்னு ஒரு உரம் இருக்கு, அது 18:46:0, அப்போ 50 கிலோ மூட்டைல தழை 9 கிலோ, மணி 23 கிலோ, சாம்பல் சுத்தமா கிடையாது. யூரியால 46 சதவீதம் தழை மட்டும்தான். மண் பரிசோதனை சிபாரிசுல தழைச்சத்து 20 கிலோன்னு இருந்தா 20 கிலோ யூரியா இல்லங்க, கிட்டத்தட்ட 43 கிலோ யூரியா. நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறது.

அடியுரம்னா கடைசி உழவுலயோ விதைக்கும்போதோ மண்ணுக்குள்ள போறது. மணிச்சத்து போட்ட இடத்த விட்டு அவ்வளவா நகராது, பின்னாடி மேல தூவினா வேர் கிட்ட போய்ச் சேராது, அதனால முதல்லயே முழுசா போட்டுடறோம். தழைச்சத்து அப்படி இல்ல, தண்ணியோட கீழ இறங்கிடும், காத்துலயும் போயிடும், அதான் பயிர் வளர்றப்ப பிரிச்சு பிரிச்சு மேலுரமா குடுக்கறது. நெல்லுன்னா தூர் கட்டறப்ப (அடில பக்கத் தண்டு விடறப்ப) ஒரு தடவ, கதிர் உருவாகறப்ப ஒரு தடவ. மத்த பயிர்ல களை எடுத்துட்டு யூரியா போட்டு மண் அணைச்சு தண்ணி விட்டுடுங்க, மேலாப்புல கிடந்தா அமோனியாவா ஆவியாயிடும், காசும் அதோட போச்சு.

களைக்கொத்தி:
மேல சொன்னது கரெக்ட். பசுந்தாள்னா சணப்பு, தக்கைப்பூண்டு மாதிரி அந்த நிலத்துலயே வெதச்சு பூக்கற சமயத்துல மடக்கி உழறது, வெளிய இருந்து வேம்பு, புங்கன் தழைய வெட்டிட்டு வந்து மிதிச்சா அது பசுந்தழை உரம். பூத்து முடிஞ்சும் விட்டு வச்சா தண்டு நார் ஏறிடும், மக்க லேட்டாகும். உழறதுக்கு முன்னாடி ஒரு செடிய புடுங்கி வேர் முடிச்ச நகத்தால நசுக்கிப் பாருங்க, உள்ள இளஞ்சிவப்பா இருந்தா காத்துல இருக்கற நைட்ரஜன பிடிச்சுட்டு இருக்கு, வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா வேல நடக்கல.

ஊடுபயிர் வரிசைக்கு நடுவுல வரிசையா வரும். விதைய கலந்து வரிசை இல்லாம தூவினா கலப்புப்பயிர், களை எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும், நான் அத சொல்ல மாட்டேன்.

புதுநாத்து:
சூப்பர்ங்க, ரொம்ப தேங்க்ஸ். 17:17:17 அடியுரமா போட்டுட்டா பொட்டாஷ் தனியா வேண்டாமா அப்போ?

வரப்புக்காரன்:
50 கிலோ போட்டா மூணு சத்தும் எட்டரை கிலோ வீதம் போயிருக்கும். மண் பரிசோதனை சிபாரிசுல இருந்து அத கழிச்சுட்டு மீதி எவ்வளவோ அத மட்டும் போடுங்க.